எல்லை தாண்டும் லாபம், எல்லையில் நிற்கும் வரி: வாசகர் கேள்வி-பதில்

பெரிய நிறுவனங்கள் வரி கட்டாமல் தப்பிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

வரி ஏய்ப்பு, வரித் தவிர்ப்பு, வரித் திட்டமிடல் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானே?
– வாசகர், விருதுநகர்

ஒன்றல்ல. சட்டம் ஒரு சலுகையை எதற்காகக் கொடுத்ததோ அதற்காகவே பயன்படுத்தினால் அது திட்டமிடல். பி.பி.எஃப். கணக்கில் பணம் போட்டு வரிச்சலுகை பெறுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வருமானத்தை மறைத்தாலோ, பொய்யான பில் வைத்தாலோ, அடுத்தவர் பெயரில் சொத்து வைத்தாலோ அது ஏய்ப்பு. செய்த அன்றைக்கே அது குற்றம்.

தவிர்ப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எதையும் மறைப்பதில்லை, காகிதங்கள் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு பாதையில் பணம் போகும். அது செல்லுமா செல்லாதா என்பது பெரும்பாலும் பத்து வருடம் கழித்து நீதிமன்றத்தில்தான் தெரியும்.

நீதிமன்றங்களின் பார்வையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பிரிட்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தன் தோட்டக்காரருக்குச் சம்பளம் என்று கொடுக்காமல், பத்திரம் எழுதி ஆண்டுத்தொகை என்று கொடுத்தார். சம்பளத்தை வருமானத்தில் கழிக்க முடியாது, ஆண்டுத்தொகையைக் கழிக்கலாம். 1935-இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். தன் வரி குறையும்படி காரியங்களை அமைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்றார்கள். 1981-இல் ராம்சே வழக்கில் அதே சபை வேறு விதமாகப் பேசியது: வரிக்காக மட்டும் கோர்க்கப்பட்ட பல படிகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டியதில்லை, மொத்தமாகப் பார்த்து முடிவு செய்யலாம். நம் உச்ச நீதிமன்றமும் 1985-இல் மெக்டவல் வழக்கில், வெறும் வேஷமாகச் செய்யப்படும் ஏற்பாடு திட்டமிடல் ஆகாது என்றது. ஆகவே "சட்டப்படி சரி" என்று ஒரு ஆலோசகர் சொன்னால், அது இன்றைய தேதிக்கு அவருடைய கணிப்பு, அவ்வளவுதான்.

கடை நிறைய வாடிக்கையாளர்களோடு ஓடுகிறது, ஆனால் கணக்கில் நஷ்டம் என்கிறார்கள். இது எப்படி முடியும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பிரிட்டனில் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் கணக்கு 2012-இல் வெளியே வந்தபோது அங்கே மக்கள் கேட்டதும் இதே கேள்விதான். 1998-இல் அந்த நாட்டுக்குள் வந்த நிறுவனம், 14 ஆண்டுகளில் 300 கோடி பவுண்டுக்கு மேல் விற்று, மொத்தம் 86 லட்சம் பவுண்டுதான் நிறுவன வரி கட்டியிருந்தது. நஷ்டம் என்று கணக்கு காட்டிய அதே ஆண்டுகளில், பிரிட்டன் தொழில் நன்றாகப் போகிறது என்று முதலீட்டாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

லாபம் மூன்று வழியில் நாட்டை விட்டுப் போனது. பிராண்டையும் கடை நடத்தும் முறையையும் பயன்படுத்துவதற்காக, ஆம்ஸ்டர்டாமில் இருந்த சகோதர நிறுவனத்துக்கு விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி. காப்பிக் கொட்டை சுவிட்சர்லாந்தில் லோசான் நகரிலிருந்த இன்னொரு சகோதர நிறுவனம் வழியாக வாங்கப்பட்டது. கொட்டை அந்த நாட்டு மண்ணைத் தொடவேண்டிய அவசியமில்லை, பில் மட்டும் அங்கே போய் 20 சதவீதம் ஏறி வரும். மூன்றாவது, குழும நிறுவனம் கொடுத்த கடனுக்குச் சந்தை விகிதத்துக்கு மேல் 4 சதவீதப் புள்ளி சேர்த்து வட்டி.

கற்பனைத் தொகைகளை வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். கடையில் 100 பவுண்டு விற்பனை. வாடகை, சம்பளம், பால் எல்லாம் 80. கொட்டையின் அசல் விலை 10. உண்மையான லாபம் 10. இப்போது கொட்டை 12-க்கு வருகிறது, ராயல்டி 6, வட்டி 3. செலவு 101 ஆகிவிட்டது, கணக்கில் 1 பவுண்டு நஷ்டம். போன 11 பவுண்டும் அதே குழுமத்தின் வேறு பைகளில் பத்திரமாக இருக்கிறது.

இதைத் தடுக்கத்தான் டிரான்ஸ்ஃபர் பிரைசிங் விதி இருக்கிறது. உறவே இல்லாத இருவர் பேரம் பேசினால் என்ன விலை வருமோ, அந்த விலையைத்தான் குழும நிறுவனங்கள் தங்களுக்குள்ளும் போட வேண்டும். கொட்டைக்கு இது ஓரளவு வேலை செய்யும், சந்தை விலை எல்லோருக்கும் தெரியும். பிராண்டுக்கு? ஸ்டார்பக்ஸ் என்ற பெயரை ஸ்டார்பக்ஸைத் தவிர வேறு யாரும் விற்பதில்லை, ஒப்பிட எதுவும் கிடையாது. அதனால்தான் லாபத்தை நகர்த்துகிறவர்கள் பெரும்பாலும் சரக்கை விட்டுவிட்டு, பெயர், காப்புரிமை, மென்பொருள் உரிமம் போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்துக்களைக் கையில் எடுக்கிறார்கள்.

நிறுவனம் சட்டத்தை மீறியதாக யாரும் நிரூபிக்கவில்லை. நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவின் தலைவர் மார்கரெட் ஹாட்ஜ் சாட்டியதும் சட்டமீறலை அல்ல, நெறிகேட்டை. பொதுமக்கள் கோபம் கடை வாசலுக்கு வந்த பிறகு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு ஆண்டுகளில் சுமார் 2 கோடி பவுண்டு கட்டுவதாக நிறுவனம் அறிவித்தது. இது நமக்கு நல்ல முடிவாகத் தெரியவில்லை. வரி என்பது நிறுவனம் தானாக முன்வந்து கொடுக்கும் நன்கொடை ஆகக் கூடாது. விதி திருத்தப்பட வேண்டும்.

ஆப்பிள் நிறுவனத்தின் அயர்லாந்து வழக்கு என்ன? அயர்லாந்தே "எனக்கு அந்தப் பணம் வேண்டாம்" என்றதாகப் படித்தேன்.
– வாசகர், திருச்சி

உண்மைதான். ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா ஆகிய இடங்களில் நடந்த ஆப்பிள் விற்பனையின் லாபம் ‘ஆப்பிள் சேல்ஸ் இன்டர்நேஷனல்’ என்ற அயர்லாந்து நிறுவனத்தின் ஏட்டில் ஏறியது. மும்பையில் ஒருவர் வாங்கிய ஐபோனின் லாபத்தில் ஒரு பகுதியும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

சூட்சுமம் இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கு நடுவில் இருந்த விரிசலில் இருக்கிறது. ஒரு நிறுவனம் எங்கே பதிவானதோ அந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது அமெரிக்கச் சட்டம். அது எங்கிருந்து நிர்வகிக்கப்படுகிறதோ அந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது அப்போதைய அயர்லாந்துச் சட்டம். அயர்லாந்தில் பதிவாகி, அமெரிக்காவிலிருந்து நிர்வகிக்கப்பட்டால்? அமெரிக்கா "இது அயர்லாந்து நிறுவனம்" என்று சொல்லும், அயர்லாந்து "இது இங்கே நிர்வகிக்கப்படவில்லை" என்று சொல்லும். வரி நோக்கில் அந்த நிறுவனம் எந்த நாட்டிலும் குடியிருக்கவில்லை.

லாபத்தின் பெரும்பகுதி அந்த நிறுவனத்தின் "தலைமை அலுவலகம்" என்ற கணக்குக்கு ஒதுக்கப்பட்டது. அந்த அலுவலகத்துக்குக் கட்டடம் இல்லை, ஊழியர் ஒருவர்கூட இல்லை. எப்போதாவது நடந்த இயக்குநர் கூட்டங்கள்தான் அதன் மொத்த நடவடிக்கை. 2011-இல் சுமார் 1,600 கோடி யூரோ லாபத்தில், 5 கோடி யூரோ அளவுக்குத்தான் அயர்லாந்தில் வரி விதிக்கத்தக்கது என்று கணக்கிடப்பட்டது. 2014-இல் வரி விகிதம் 0.005 சதவீதம், அதாவது 10 லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ. இப்படிப் பங்கிடலாம் என்று அயர்லாந்து வரித்துறை 1991-லும் 2007-லும் எழுத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கை வைத்தது இந்த ஒப்புதலில்தான். ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் இப்படிச் சலுகை காட்டுவது சட்டவிரோத அரசு உதவி என்று 2016 ஆகஸ்டில் சொல்லி, 1,300 கோடி யூரோவும் வட்டியும் வசூலிக்கச் சொன்னது. ஆப்பிளோடு சேர்ந்து அயர்லாந்தும் மேல்முறையீடு செய்தது. 1980 முதல் கார்க் நகரில் இயங்கும் ஆப்பிள் கொடுத்த வேலைகளும், வெளிநாட்டு முதலீட்டுக்கு நம்பகமான நாடு என்ற பெயரும் அந்தத் தொகையைவிடப் பெரிதாக அதற்குத் தெரிந்தன. 2020-இல் கீழ் நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை ரத்து செய்தது. 2024 செப்டம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, ஆணையம் சொன்னதே சரி என்று முடித்துவைத்தது. அதுவரை பணம் தனிக் கணக்கில் முடங்கிக் கிடந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த விரிசலைப் பயன்படுத்தியது குற்றம் என்று இந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அயர்லாந்து கொடுத்த சலுகைதான் செல்லாது என்றது. விரிசலைச் சட்டத்திருத்தத்தால்தான் அடைக்க முடிந்தது. அங்கே பதிவாகும் புதிய நிறுவனங்களுக்கு 2015 முதலும், பழையவற்றுக்கு 2020 முடிவோடும் அந்த வழி மூடப்பட்டது.

வோடபோன் வழக்கில் தோற்ற பிறகு, அரசு பின்தேதியிட்டுச் சட்டத்தை மாற்றியது நியாயமா?
– வாசகர், சேலம்

நியாயமில்லை. ஆனால் அரசின் ஆதங்கம் நியாயமானது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2007-இல் ஹட்சிசன் குழுமத்திடமிருந்து இந்தியத் தொலைபேசித் தொழிலின் 67 சதவீதப் பங்கை வோடபோன் சுமார் 1,110 கோடி டாலருக்கு வாங்கியது. டவர், வாடிக்கையாளர், அலைக்கற்றை எல்லாம் இந்தியாவில். கைமாறியதோ கேமன் தீவில் பதிவான சி.ஜி.பி. என்ற நிறுவனத்தின் பங்கு. விற்றவரும் வெளிநாடு, வாங்கியவரும் வெளிநாடு, விற்ற பங்கும் வெளிநாடு. 2012 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம், அன்றைய சட்டத்தின் வாசகப்படி இதற்கு இங்கே வரி இல்லை என்றது. அதே ஆண்டு நாடாளுமன்றம், இந்தியச் சொத்திலிருந்து மதிப்பு பெறும் வெளிநாட்டுப் பங்குக்கும் வரி உண்டு என்று சட்டத்தைத் திருத்தி, அது 1962 முதலே பொருந்தும் என்றது.

திருத்தத்தின் கருத்து சரி. பின்தேதி தவறு. அன்றைய சட்டத்தைப் பார்த்து ஒப்பந்தம் போட்டவரிடம் நாளைய சட்டத்தைக் காட்டி வசூலிக்க முடியாது. தீர்ப்பாயங்களும் இதைத்தான் சொல்லின: 2020-இல் வோடபோனும், இதே திருத்தத்தால் வரி கேட்கப்பட்ட கெய்ர்ன் என்ற எண்ணெய் நிறுவனமும் சர்வதேச நடுவர் மன்றங்களில் ஜெயித்தன. 2021-இல் அந்தப் பின்தேதிக் கோரிக்கைகளை அரசு கைவிட்டது, கெய்ர்னுக்குச் சுமார் 7,900 கோடி ரூபாய் திரும்பிப் போனது.

மொரிஷியஸ் விஷயத்தில் அரசு செய்ததுதான் சரியான முறை. அந்த நாட்டோடு நாம் 1982-இல் போட்ட ஒப்பந்தப்படி, மொரிஷியஸ் நிறுவனம் இந்தியப் பங்கை விற்றால் வரி போடும் உரிமை மொரிஷியஸுக்கு மட்டும்தான். மொரிஷியஸோ அந்த லாபத்துக்கு வரி போடுவதில்லை. பெயருக்கு ஒரு அலுவலகம் திறந்தவர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தார்கள். 2016-இல் பேச்சு நடத்தி ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குக்குத்தான் ஒப்பந்தத்தின் புது விதி, அதற்கு முன் வாங்கிய பங்குக்கு அல்ல. வரியைத் தவிர்ப்பதே முக்கிய நோக்கமாக உள்ள ஏற்பாடுகளை ஒதுக்கித்தள்ளும் பொது விதியும் அதே தேதியில் நடைமுறைக்கு வந்தது. வரிப் பயன் 3 கோடி ரூபாயைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தலாம். அதிகாரி தனியாக முடிவெடுக்க முடியாது, உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். "துபாயில் ஒரு கம்பெனி போட்டு, இங்கிருந்து 100-க்கு பில் போட்டு, அங்கிருந்து ஜெர்மனிக்காரருக்கு 130-க்கு பில் போடுங்கள், 30 ரூபாய்க்கு வரியே இல்லை" என்கிறார்கள். சரக்கு தூத்துக்குடியிலிருந்து நேராகத்தான் போகும். செய்யலாமா?
– வாசகர், திருப்பூர்

அவர்கள் சொல்கிற விதத்தில் செய்யாதீர்கள்.

ஜெர்மனிக்காரரைப் பிடித்தது யார்? சாம்பிள் ஒப்புதல் வாங்குவது யார்? சரக்கு ரிஜெக்ட் ஆனால் நஷ்டம் யாருக்கு? யூரோ விழுந்தால் அடி யாருக்கு? வரி அதிகாரி கேட்கப்போகும் கேள்விகள் இவை. நான்குக்கும் பதில் "திருப்பூர்" என்றால், துபாய் கம்பெனி செய்த வேலை பில் போடுவது மட்டும்தான். அந்த வேலைக்குரிய சின்ன மார்ஜினை விட்டுவிட்டு, மீதியை இங்கேயே உங்கள் வருமானத்தில் சேர்ப்பார்கள். அந்தக் கம்பெனியில் உங்களுக்கு 26 சதவீத ஓட்டுரிமை இருந்தாலே இரண்டும் உறவு நிறுவனங்கள்தான். "மச்சான் பெயரில் போட்டுவிடலாம்" என்றும் சொல்வார்கள். சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் கட்டுப்பாட்டில் இருந்தாலும் விதி பொருந்தும். பணம் உங்களுடையது, பெயர் அவருடையது என்றால், அதுவரை தவிர்ப்பாக இருந்தது அந்த நிமிடமே ஏய்ப்பாகிவிடுகிறது. மறைத்த வெளிநாட்டுச் சொத்துக்கு 2015-ஆம் ஆண்டு கருப்புப் பணச் சட்டத்தில் 30 சதவீத வரி, அதன் மேல் அந்த வரியைப் போல மூன்று மடங்கு அபராதம், வேண்டுமென்றே செய்தது நிரூபணமானால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை.

வரியோடு விஷயம் முடியவில்லை. ஷிப்பிங் பில்லில் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது சுங்கச் சட்டத்திலும் அந்நியச் செலாவணிச் சட்டத்திலும் தனித்தனி மீறல்கள். துபாய் கம்பெனியில் பங்கு வாங்க வேண்டுமானால், 2022-ஆம் ஆண்டு வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி உங்கள் வங்கி வழியாகப் படிவம் கொடுத்து, தனி அடையாள எண் வாங்கிய பிறகுதான் பணம் அனுப்ப முடியும். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு அபராதம் கட்டி ஒழுங்குபடுத்த அலைகிறார்கள்.

"அங்கே வரியே இல்லை" என்பதும் பழைய கதை. 2023 ஜூன் முதல் தொடங்கிய நிதியாண்டுகளிலிருந்து அமீரகத்தில் 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீத நிறுவன வரி உண்டு. ஃப்ரீ ஸோன் எனப்படும் சலுகைப் பகுதி என்றால் தானாகவே பூஜ்யம் என்று நினைக்க வேண்டாம், அதற்கும் தகுதி நிபந்தனைகள் இருக்கின்றன. வங்கிக் கணக்குத் தகவலை நாடுகள் ஒன்றுக்கொன்று தானாகப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் அமீரகமும் சேர்ந்திருக்கிறது. கணக்கு வைத்திருப்பவரின் பெயர், முகவரி, இருப்புத் தொகை எல்லாம் இங்கே வந்துவிடும்.

துபாயில் நிஜமாகவே ஆள் வைத்து, அங்கேயே வாடிக்கையாளரைப் பிடித்து, சரக்கு வைத்து விற்கப் போகிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள். அந்த வேலைக்குரிய லாபம் அங்கே இருப்பதில் தவறே இல்லை. யார் என்ன வேலை செய்கிறார் என்பதை முதல் பில் போடும் முன்பே எழுதி வையுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு தயாரித்த காகிதத்துக்கு மதிப்பில்லை.

சட்டம் அனுமதிப்பதைச் செய்தால் அதில் தர்மம், அதர்மம் எங்கிருந்து வந்தது? பங்குதாரர்களின் பணத்தைக் காப்பது நிர்வாகியின் கடமை அல்லவா?
– வாசகர், புதுச்சேரி

நிர்வாகிக்குக் கடமை இருக்கிறது. ஆனால் "வரியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தே தீர வேண்டும்" என்பது நமக்குத் தெரிந்து எந்த நிறுவனச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அது நிர்வாகி எடுக்கும் முடிவு. எடுத்தவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

காப்புரிமையை பெர்முடா என்ற சின்னத் தீவில் வைத்திருக்கும் நிறுவனம், அதை யாராவது திருடினால் வழக்கு போடுவது பெர்முடாவில் அல்ல. விற்பனை நடக்கும் நாட்டின் நீதிமன்றத்தில்தான். சாலை, துறைமுகம், படித்த ஊழியர்கள், ஒப்பந்தத்தை அமல்படுத்தும் போலீஸ் எல்லாம் அந்த நாடு கொடுக்கிறது. அதற்கான செலவை அந்த நாட்டில் மாதச்சம்பளம் வாங்குகிறவரும், எதிர்க்கடையில் ஒரே ஊரில் ஒரே பெயரில் தொழில் செய்கிறவரும் கட்டுகிறார்கள். அவர்களால் ஆம்ஸ்டர்டாமுக்கு ராயல்டி அனுப்ப முடியாது. போட்டியில் ஒருவருக்கு மட்டும் இருக்கும் இந்த வசதி திறமையால் வந்ததல்ல.

ஏழை நாடுகளுக்கு இன்னும் பெரிய அடி. ஜாம்பியாவில் மோபானி தாமிரச் சுரங்கம், தன் தாய் நிறுவனமான கிளென்கோருக்குச் சந்தை விலையைவிடக் குறைவாகத் தாமிரம் விற்றதாகச் சொல்லி வரித்துறை கூடுதல் வரி கேட்டது, சுரங்கம் அதை எதிர்த்து வழக்காடியது. 2006 முதல் 2009 வரையிலான கணக்குக்கு 2020-இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு கிடைத்தது, வரித்துறை ஜெயித்தது. மண்ணிலிருந்து எடுத்த தாமிரம் திரும்பி வராது. அதற்குரிய வரியை வாங்க ஒரு அரசு பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்தாண்டில் கட்டப்படாத பள்ளிக்கு யார் பதில் சொல்வது?

அதற்காகச் சட்டத்தைவிட ஒரு ரூபாய் கூடுதலாகக் கட்டுங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. ஒரு ஏற்பாட்டைச் செய்யும் முன், வரி என்ற விஷயமே இல்லாவிட்டாலும் இந்த நிறுவனத்தை இந்த நாட்டில் ஆரம்பித்திருப்போமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டால் போதும். "இல்லை" என்பது பதிலானால், நீதிமன்றம் என்ன சொன்னாலும் அந்த லாபம் அங்கே பிறந்ததல்ல.

உலகம் முழுக்க 15 சதவீதம் குறைந்தபட்ச வரி வந்துவிட்டதே, இனி இதெல்லாம் முடிந்ததா?
– வாசகி, மதுரை

முடியவில்லை, கடினமாகியிருக்கிறது. 2021 அக்டோபரில் 136 நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆண்டு விற்றுமுதல் 75 கோடி யூரோவைத் தாண்டும் குழுமங்களுக்கு மட்டும் பொருந்தும். ஒரு நாட்டில் அந்தக் குழுமம் கட்டிய வரி லாபத்தில் 9 சதவீதம்தான் என்றால், மீதி 6 சதவீதத்தை அந்த நாடோ, தாய் நிறுவனத்தின் நாடோ வசூலிக்கலாம். நிஜமான ஊழியரும் இயந்திரமும் உள்ள இடத்தில் ஒரு பகுதி லாபத்துக்கு விலக்கு உண்டு. இந்த விலக்கை நாம் வரவேற்கிறோம். காகித அலுவலகத்தையும் தொழிற்சாலையையும் அது வேறுபடுத்துகிறது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பலவும் பிரிட்டனும் 2024-இல் தொடங்கின, 12.5 சதவீத நிறுவன வரிக்குப் பேர்போன அயர்லாந்து உட்பட. அமீரகம் 2025-இல் சேர்ந்தது. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா விலகிக்கொண்டது. ஜூனில் ஜி7 நாடுகள், அமெரிக்கத் தாய் நிறுவனங்கள் உள்ள குழுமங்களுக்கு விலக்கு தரச் சம்மதித்தன. பெரிய குழுமங்களில் பல அமெரிக்காவுடையவை என்பதால் இது பெரிய ஓட்டை.

பனாமா ஆவணங்களில் பெயர் வந்தவர்கள் எல்லாம் திருடர்களா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. 2016-இல் மொசாக் ஃபொன்சேகா சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த 1.15 கோடி ஆவணங்களில் பெயர் இருப்பது ஒரு கேள்விக்கான தொடக்கம் மட்டுமே. வெளிநாட்டில் நிறுவனம் வைத்திருப்பது குற்றமல்ல. பணம் எங்கிருந்து போனது, கணக்கில் காட்டப்பட்டதா என்பதுதான் கேள்வி.

சென்னையில் ஐ.டி. வேலை. அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பங்குகள் கொடுத்திருக்கிறார்கள். ஃபார்ம் 16-இல் வரி பிடித்துவிட்டார்கள். இனி நான் செய்ய எதுவும் இல்லையே?
– வாசகி, சென்னை

இருக்கிறது. அமெரிக்காவிலுள்ள தரகுக் கணக்கையும் அதிலுள்ள பங்குகளையும் வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒவ்வொரு ஆண்டும் காட்ட வேண்டும். விற்காவிட்டாலும், டிவிடெண்ட் வராவிட்டாலும் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடமுண்டு. 2024 அக்டோபர் முதல், வீடு நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்தின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை. ஆனாலும் காட்டும் கடமை அப்படியே இருக்கிறது.

டிவிடெண்டில் அமெரிக்கா 25 சதவீதம் பிடித்திருக்கும். பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையை இங்கே வருமானமாகக் காட்டி, வெளிநாட்டு வரிக்கான படிவத்தைக் கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். கைக்கு வந்த தொகையை மட்டும் காட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. விற்றால் வரும் லாபத்துக்கு வரி இங்கேதான். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வழக்கமான விகிதம். வாங்கிய விலையாக, பங்கு உங்கள் பெயருக்கு வந்த நாளில் ஃபார்ம் 16-இல் சேர்த்த மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் என்று போட்டு இரண்டு முறை வரி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அட்டவணைக்கு மட்டும் ஏப்ரல்–மார்ச் கணக்கு கிடையாது, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. 2024-25 நிதியாண்டுக்கான கணக்கில் 2024 காலண்டர் ஆண்டின் விவரம் வர வேண்டும். தரகு நிறுவனத்திடம் டிசம்பர் 31 தேதியிட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.